எத்தனை வருஷம் தாங்கணும்?

போன வருஷம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்து எல்லா ஃபைலையும் நகல் எடுத்துக்கொண்டு போனபோது மேனேஜர் அசரவே இல்லை. "அத்தனையும் பூட்டின ஃபைல். சாவி இல்லாம வச்சு நக்கவா போறான்?" என்று மீசையை முறுக்கினார். அதில் அவர் மகளின் ஃபைலும் இருந்தது. பிள்ளை இல்லாமல் அலைந்து, முகம் தெரியாத ஒருவர் கொடுத்த விந்தில் பிறந்த செல்ல மகள். அவரையும் மனைவியையும் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. பூட்டை நம்பி மனுஷன் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

இப்போது பூட்டை மாற்ற வந்தவள் அவர் கொழுந்தியாள். வேலையில் கெட்டிக்காரி, அத்தானை வம்புக்கு இழுப்பதில் படு கெட்டிக்காரி.

"குவாண்டம் கம்ப்யூட்டர் வருது அத்தான். நம்ம பழைய பூட்டெல்லாம் அதுக்குத் தூசு."

"பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கிறியே! வரட்டும், பாத்துக்கலாம்."

"எதை முதல்ல மாத்தணும்னு தெரியணுமில்ல? ஒவ்வொரு ரகசியமும் எத்தனை வருஷம் தாங்கணும், சொல்லுங்க. சம்பள விவரம்?"

"அஞ்சு."

"எக்ஸ்ரே?"

"எல்லாத்துக்கும் அஞ்சுன்னு வச்சுக்க தாயே, எனக்கு மீட்டிங் இருக்கு."

"குழந்தையின்மை சிகிச்சை?"

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். "அது... ஆயுசு முழுக்க."

"சரி, அதுக்குத்தான் முதல் பூட்டு."

"அப்ப போன வருஷம் திருடு போனது?"

"அது போனது போனதுதான். புதுப் பூட்டு நம்ம வீட்டுக்கு, திருடன் வீட்டுக்கா போட முடியும்? அவனுக்கென்ன அவசரம்? அந்த மெஷின் கைக்கு வர்ற அன்னைக்கு ஹாயா தொறந்து படிப்பான்."

"எப்ப வரும்?"

"யாருக்குத் தெரியும்? பத்து வருஷமோ, அதுக்கு முன்னாடியோ."

"என்னம்மா இவ்ளோ அசால்ட்டா சொல்ற! நான் பெத்த அப்பன் இல்லைன்னு எவனோ ஒரு கழுதை சொல்லியா என் பொண்ணு தெரிஞ்சுக்கணும்?"

போச்சு. மெஷினும் வரவில்லை, மண்ணாங்கட்டியும் வரவில்லை. மனுஷன் தானே கக்கிவிட்டார். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். கொழுந்தியாளுக்கு அன்றைக்குக் கிண்டல் வரவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல்னா தூங்காம கிடந்தது யாரு, திருடனா?" என்றாள். "அவனுக்கு முன்னாடி நீங்க முந்திக்குங்க அத்தான்."

அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். பத்து வயசுப் பெண் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கோவப்படலாமா?"

"எவ்ளோ வேணும்னாலும் படு கண்ணு."

எழுந்து போய் அறைக் கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவர் வெளியே தரையில் உட்கார்ந்தார். கால் மரத்துப்போய், சரி, தனியாக இருக்கட்டும் என்று மெல்ல எழுந்தார்.

"அப்பா, எங்க போறீங்க? அங்கேயே உக்காருங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஆனா பேசக் கூடாது."