உரித்துக்காரர்

"லத்தீன் படிப்பிச்சவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா," என்ற இரத்தினம் ஒலிவாங்கியைத் தன் கையிலேயே வைத்திருந்தான். "ஆம்பிளையை ஆம்பிளை காதலிச்ச கதையள் இஞ்ச வேண்டாம். ஊன்ட்றொப் அம்மன் கோயில் ஆக்கள் முழுக்க வந்திருக்கினம்."

பவளம் தன் சித்தப்பா மகனை ஒருதரம் பார்த்தார். "வந்திருக்கிற ஆக்களுக்குத்தானே சொல்லவேணும். தாரும்."

ஜெர்மனியின் அந்தத் தகனசாலை மண்டபத்தில், பட்டு வேட்டி சால்வையோடு பெட்டிக்குள் கிடந்தார் அவருடைய தம்பி கதிர்காமநாதன். பவளம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்று பேசினார்.

"அகதியா வந்த பெடியன், ஜெர்மன் பிள்ளையளுக்கு லத்தீன் படிப்பிச்சவன். ரோமாபுரிக் கவிஞர் சிலபேர் ஆம்பிளையில வைச்ச காதலை ஒளிக்காமல் பாடினவை. கிரேக்கரிட்டைத்தான் அதைப் படிச்சவை. கிரேக்கன் விருந்தில கண்ட அழகை நாலு வரியில பாடிப்போட்டுப் போவான். ரோமன் அதை எடுத்து, காத்துக் கிடந்தது, கெஞ்சினது, ஏமாந்தது எல்லாம் சேர்த்துத் தன்ரை சீவியம் மாதிரிப் பாடினான். பள்ளிக்கூடப் புத்தகத்தில அந்தப் பாட்டுகளை விட்டிடுவினம். என்ரை தம்பி விடேல்லை. எங்கடை பரம்பரையில அவனளவுக்குப் படிச்சவை இல்லை."

யாரோ இருமினார்கள்.

ஐயர் அரிசித் தட்டை ஏந்தினார். உறவினர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைச் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கதிர்காமநாதனோடு நெடுங்காலம் ஒரே வீட்டில் வாழ்ந்த ஸ்டெபான் கடைசி வரிசையில் எழுந்து நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம், "தம்பியோட வாடகைக்கு இருக்கிறவர்" என்றே பவளம் சொல்லி வந்திருந்தார்.

"உரித்துக்காரர் எல்லாரும் போட்டாச்சோ?" என்று கேட்டார் ஐயர்.

"ஓம் ஐயா, மூடலாம்," என்றான் இரத்தினம்.

"மூடாதேங்கோ," என்றார் பவளம். "முதல் உரித்துக்காரன் இன்னும் போடேல்லை."

இரத்தினம் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, குடும்ப மானம்."

"அதைப் பார்க்க நான் இருக்கிறன்."

கடைசி வரிசையைப் பார்த்துப் பவளம் கையசைத்தார்.

ஸ்டெபானுக்கு முறை தெரியாது. கை நிறைய அள்ளிப் போட்டதில் சால்வையெல்லாம் அரிசி சிதறியது. அவர் குனிந்து, மடிப்புகளில் கிடந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கதிர்காமநாதனின் உதட்டருகே வைக்கத் தொடங்கினார். அடுத்த குடும்பத்துக்குக் குறித்துக் கொடுத்த ரெர்மினுக்கு நேரமாகிறது என்று மண்டப ஊழியர் வாசலில் வந்து நின்றார். ஐயர் தட்டை நீட்டியபடியே நின்றார்.