வாழ்த்திக் கொடுத்த துறை

வடக்கிலும் தெற்கிலும் பனிமுடி தரித்த மலைகள் நெடுவரிசையாய் நிற்க, கடுங்குளிரிலும் உறையாத இசிக்குல் ஏரி அவற்றினிடையே நீலம் விரித்துக் கிடக்க, இளவேனிற் காலைக்கதிர் முதன்முதல் வந்து தொடும் இடமாக இருந்தது எங்கள் போஸ்ஜேக் ஊரின் பழந்துறை. நூறாண்டுக்கு முன் மலைமரம் வெட்டி எம் முன்னோர் அமைத்த அம்மரத்துறையில்தான் கோதுமையும் கம்பளியும் ஏற்றிய கலங்கள் அணைந்தன. போருக்குச் சென்ற ஆடவரை மகளிர் வழியனுப்பியதும் அங்கேதான். அவருட் பலர் மீளாமையால், ஆண்டுதோறும் அத்துறையிலேயே அப்பம் பொரித்து, அந்த எண்ணெய் மணம் மாண்டோரைச் சென்றடையும் என்று நம்பி நின்றோம்.

அதனை இடித்துப் பதினான்கு மாடி விடுதி எழுப்ப வந்தான் மெலிஸ்பெக், எங்கள் ஊரிற் பிறந்து தலைநகரிற் செல்வம் சேர்த்தவன். எதிர்த்து முன்னின்றோர் இருவர்: முப்பதாண்டு ஏரியிற் கலம் செலுத்திய காசிமாலி, வீடு வீடாய் ஏறி நானூறு கையொப்பம் பெற்ற பள்ளியாசிரியை புருல்சா. ஊர்மூத்தவரான காசிமாலியின் சொல்லைக் கேட்டே மாவட்ட மன்றம் முடிவெடுக்கும் என்பது யாவரும் அறிந்தது. ஏரி வற்றினாலும் கிழவர் வாய் வற்றாது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

மன்றம் கூடுதற்கு மூன்று நாள் முன்பு, தன் தாயின் ஓராண்டு நினைவுக்கு எங்கள் வழக்கப்படி குதிரை அறுத்து ஊரை விருந்துக்கு அழைத்தான் மெலிஸ்பெக்.

"போகாதீங்கண்ணே. அவன் கறிச்சோத்துல முள்ளு இருக்கும்," என்றாள் புருல்சா.

"அவங்கம்மா கையால எத்தனை தேத்தண்ணி குடிச்சிருக்கேன். அவ பேர்ல போடுற சோத்துக்குப் போகலன்னா நான் என்ன மனுசன்? தின்னுட்டு வாயத் துடைச்சுட்டு வந்துடுறேன், போ," என்றார் காசிமாலி.

எங்கள் வழக்கத்தில், உண்டபின் மூத்தவர் இரு கைகளையும் விரித்து வாழ்த்துரைக்காமல் எவரும் எழார். வாழ்த்திய செயலை வாழ்த்தியவரே எதிர்ப்பது பெரும்பழி. மெலிஸ்பெக் கிழவர்முன் மண்டியிட்டான்.

"பெரியப்பா, எங்கம்மா பேர்ல கரையில ஒரு வேலை தொடங்குறேன். அதுக்கும் சேர்த்து வாழ்த்திடுங்க."

எண்பது பேர் கைவிரித்துக் காத்திருந்தோம். மறுத்தால் இறந்தவளின் விருந்து வாழ்த்தின்றி முடியும். அறிவு தடுக்க, வழக்கம் உந்த, அம்முதியவளின் முகம் நினைவில் எழ, காசிமாலியின் கைகள் தாமே விரிந்தன.

"நல்லபடியா நடக்கட்டும்," என்றார்.

மன்றத்தில் கையொப்பத் தாள்களை வைத்துவிட்டுப் புருல்சா அவரைப் பார்த்தாள். தலைவர் மும்முறை பெயர் சொல்லி அழைத்தார்.

"எழுந்திருங்கண்ணே. ஒரு வார்த்தை போதும்."

"வாழ்த்திட்டேனேம்மா," என்று தரையைப் பார்த்தார் காசிமாலி.

அக்கோடையிலேயே துறை இடிபட்டது. நானும் அன்று உடன் கைவிரித்தவனே ஆதலால், அவர்மேல் மட்டும் பழிசொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டபாடில்லை.

ஈராண்டு கழித்து, விடுதி திறப்பு விருந்தில் அவரைத் தலைமையிடத்தில் அமர்த்தினான் மெலிஸ்பெக். உண்டு முடித்து எல்லாரும் கைவிரித்தோம். கிழவர் மட்டும் கைகளை மடியில் மூடி வைத்திருந்தார்.

"பெரியப்பா, எல்லாரும் காத்திருக்காங்க."

"இருக்கட்டும்பா. நானும் காத்திருந்து பாக்குறேன், எந்தப் படகு எங்க வந்து நிக்குதுன்னு."

வெயில் சாயும்வரை ஒருவரும் எழவில்லை. துறை இருந்தபோது மூடியிருக்க வேண்டிய கைகள், படிப்பவரே, துறை போனபின் மூடின. அவ்வாண்டும் மாண்டோர்க்கு அப்பம் பொரிக்க எங்களுக்கு இடமில்லை.