ஞாயிறு மாலை ஊட்டநீர் மாற்றப்படவில்லை

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் தொடங்கியது. அழைத்தது நான். அதனால்தான் தொடக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

முதல் வரைவு: ‘மூன்றாம் மாடியில் ஆறு பேருடைய கல்லீரல்கள் உயிரோடு’ — வேண்டாம். பயமுறுத்துகிறது.

இரண்டாவது: ‘என் தங்கை தன் பிள்ளைகளைப் பட்டினி போட்ட அன்று’ — இதுவும் வேண்டாம். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. புள்ளைங்க என்று அவள் சொல்வது செல்களை.

மூன்றாவது. இதில் அழகு இல்லை, இருக்கட்டும். என் தங்கை மருந்து ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறாள். இன்று வியாழன். நாளை மாலை ஐந்து மணிக்குள் அவள் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் ஒரு வரி இருக்க வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாள். வரும் திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் ஒரு மாத்திரையை விழுங்கப்போகிறார். உலகத்தில் அந்த மாத்திரையை விழுங்கும் முதல் மனிதர்.

2

மூட்டுவலிக்கான மருந்து. எலிகளுக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நாய்களுக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. (ஒன்றும் ஆகவில்லை என்பது மருந்தால். சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கொன்று, அறுத்துப் பார்ப்பார்கள். இதைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்த்துவிட்டேன்.)

தங்கை முதலில் கீழ்த்தளத்தில், நாய்களோடு இருந்தாள். ஊசியோடு போய் நின்றால் ஒரு நாய் தானாகவே முன்னங்காலை நீட்டுமாம். அந்த வாரமே மாடிக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

மாடியில் இருப்பவை சில்லுகள். விரல் நீளம், கண்ணாடி மாதிரி. உள்ளே முடியளவு கால்வாய்கள். அவற்றில் மனிதக் கல்லீரல் செல்கள். அறுவைச் சிகிச்சையில் எடுத்தவை, சம்மதத்தோடு கொடுக்கப்பட்டவை. ஆறு மனிதர்கள், ஆறு சில்லுகள். எலியின் கல்லீரல் ஒரு மருந்தை உடைக்கும் விதம் வேறு, நம்முடையது உடைக்கும் விதம் வேறு. எலிக்கு ஒத்துக்கொண்டது நமக்கு விஷமாகலாம். ஆகவே முழு மனிதரிடம் போகுமுன் மனிதரின் ஒரு துளியிடம் கேட்டுப்பார்ப்பது. இதை நீளமாக எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.

ஆறிலும் மருந்தைச் செலுத்தினார்கள். ஐந்து சில்லுகள் நன்றாக இருந்தன. செவ்வாயன்று ஆறாவதில் செல்கள் செத்துக் கிடந்தன.

(ஆறாவது சில்லில் இருந்தவை என்னுடைய செல்கள் என்று எழுதினால் கதை இறுகும். எழுதிப் பார்த்தேன். பொய். அது யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. ஓர் எண், அவ்வளவுதான்.)

3

இந்தப் பகுதியை மூன்று முறை வெட்டினேன்.

செல்களுக்கு நாளுக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்ற வேண்டும். மாலை ஆறு மணிக்கு. ரோஸ் நிறத் திரவம். மாற்றாமல் விட்டால் மஞ்சளாகும். ஞாயிறு மதியம் நான் அவளைப் போனில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். புதிதாக எழுதிய கதை ஒன்றைப் படித்துக்காட்ட. அவளுக்குப் பிடிக்கவில்லை. வாதாடினோம்.

“அக்கா, மணி அஞ்சரை. புள்ளைங்களுக்குச் சோறு வைக்கணும்.”

“கடைசிப் பக்கம்தான்டி. உக்காரு.”

“உன் கடைசிப் பக்கம் எனக்குத் தெரியாதா? அதுல ஒண்ணுமே நடக்காது.”

“ஒரு மணி நேரம் லேட்டானா செத்தா போயிடும்?”

அப்படிக் கேட்டது நான். சிரித்துக்கொண்டு.

ஞாயிறுகளில் ஆய்வகத்தை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஏழு பத்து. காவலாளியிடம் சாவி இல்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு ஆறு சில்லுகளிலும் திரவம் மஞ்சள். மாற்றினாள். ஐந்து தேறின.

இன்னொன்று. சில்லுகள் இருக்கும் வெப்பப் பெட்டியின் கதவில் ஒரு தாள் தொங்கும். ஊட்டநீர் மாற்றியதும் அதில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆனால் கையுறை போட்ட கை பேனாவைத் தொடக் கூடாது. தொட்டால் புதுக் கையுறை. அதனால் அங்கே எல்லாரும் வேலைக்கு முன்பே டிக் போட்டுவிடுகிறார்கள். சனி ஞாயிறுக்கு வெள்ளிக்கிழமையே. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவள் ஊட்டநீர் மாற்றினாள் என்கிறது தாள். தாள் ஏற்கெனவே பொய் சொல்லி முடித்துவிட்டது. அவள் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

4

அவளுடைய மேலதிகாரியை ஆய்வகத்தில் எலி சார் என்பார்கள். முப்பது வருடம் எலிகளோடு. முதல் வரைவில் அவருக்கு ஒரு வில்லன் மூக்கு வைத்திருந்தேன். தங்கைக்குப் போனில் படித்தபோது, “அவர் அப்படி இல்லக்கா. எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுப்பார்” என்றாள். மூக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவள் ஆறாவது சில்லை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“ஆறுல ஒண்ணு.”

“ஆறு மனுஷங்கள்ல ஒருத்தர், சார்.”

“இதே ஆளோட செல்லுல மருந்து போடாத சில்லு ஒண்ணு வச்சிருக்கணுமே?”

“கிடைச்ச துண்டு ரொம்பச் சின்னது, சார். ரெண்டாவது சில்லுக்குப் பத்தலை. ஒரு சிட்டிகை ஃப்ரீசர்ல இருக்கு. அதைப் பெருக்கி எடுக்க மூணு வாரம் ஆகும்.”

“மூணு வாரம் தள்ளணும்னா நான் மேல பதில் சொல்லணும்மா. சட்டம் எலியைக் கேக்குது, நாயைக் கேக்குது. உன் சில்லைக் கேக்கலை. எலியைக் கொல்றதுல எனக்கு என்ன ஆசையா? ஆனா எலியை முப்பது வருஷமாத் தெரியும். இது நேத்துப் பொறந்தது.” நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார். “எல்லாம் முறைப்படி பண்ணினியா?”

“ம்.”

“அப்ப அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள. நான் நிறுத்தறேன். ஒரே ஒரு தப்பு இருந்தாலும் என்னால நிறுத்த முடியாது.”

5

முதல் நாள் ஒருவருக்கு மட்டும்தான் மாத்திரை. அவர் நன்றாக இருந்தால் மறுநாள் மற்றவர்களுக்கு. அந்த ஒருவரை எழுத முயல்கிறேன்.

மீசை வைத்தேன். எடுத்தேன். ஒரு மகளைக் கொடுத்தேன். உங்களிடம் பரிதாபம் வாங்கத்தானே என்று அவளையும் எடுத்தேன். மிச்சம் இருப்பது இவ்வளவு: ஒருவர் சம்மதப் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். அதில் எலிகள் இருக்கின்றன. நாய்கள் இருக்கின்றன. சில்லு இல்லை. அந்த ஆறாவது சில்லின் மனிதருடையதைப் போன்ற கல்லீரல் அவருக்கு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இது அவருக்கும் தெரியாது.

‘அவர் டம்ளரைக் கையில் எடுத்து’ — இந்த வாக்கியத்தை இப்போதைக்கு இங்கே விடுகிறேன்.

6

இன்று மதியம் தங்கை கூப்பிட்டாள்.

“நீதானே எழுத்தாளர். சொல்லு. ‘ஞாயிறு மாலை ஊட்டநீர் மாற்றப்படவில்லை.’ நாலு வார்த்தை.”

“போட்டா?”

“பட்டினியில செத்துச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. திங்கக்கிழமை மாத்திரை.”

“மத்த அஞ்சும் பட்டினிதானே கிடந்துச்சு? அதெல்லாம் சாகலையே?”

“அதையும் எழுதலாம். ஆனா அது நான் சொல்றது. சோதனை சொல்றது இல்ல.”

“போடலைன்னா?”

“மூணு வாரம் கிடைக்கும். என்னைக்காவது வெளிய தெரிஞ்சா, சில்லு வச்சு வேலை செய்யற அத்தனை பேரும் பொய்க்காரங்க. அப்புறம் இன்னும் இருபது வருஷம் எலிதான். நாய்தான்.”

“உனக்கு என்ன தோணுது?”

“தோணறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லக்கா. நீ கதைக்குக் கதை வெட்டறியே. ஒரு வரி வெட்டினா என்ன ஆயிடும்?”

சொல்லாமல் விடுவதில் பேர் வாங்கியவள் நான். அதைக் கலை என்று எழுதுகிறார்கள். நான் வெட்டிய எந்த வரியாலும் இதுவரை யாருடைய கல்லீரலும்

“யோசிச்சுச் சொல்றேன்டி” என்று போனை வைத்தேன்.

7

வெள்ளி. மாலை நாலு நாற்பது.

முடிவு ஒன்று: வரி இல்லை. சோதனை நிற்கிறது. மூன்று வாரம் கழித்து அதே மனிதரின் செல்கள், வேளை தவறாமல் ஊட்டநீர் மாற்றி, மருந்தோடு சௌக்கியமாக இருக்கின்றன. தங்கை அந்தப் படத்தை யாருக்கும் காட்டாமல் வெகுநேரம் பார்க்கிறாள்.

முடிவு இரண்டு: வரி இருக்கிறது. எலி சார் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். தப்பு இருந்தும் நிறுத்துகிறார். (இது என் ஆசை. அவருக்கு நான் வைத்த மூக்கைப் போலத்தான் இதுவும்.)

முடிவு மூன்று: வரி இருக்கிறது. திங்கள்கிழமை

இல்லை.

காலையில் ஒன்று செய்தேன். ஒன்று முதல் ஆறு வரை எதையும் வெட்டாமல் அவளுக்கு அனுப்பினேன். மூன்றாம் பகுதியோடு. என் பதில் அதுதான். கூடவே எழுதினேன்: ‘தப்புல பாதி என்னோடது. வேணும்னா அதையும் அறிக்கைல போடு. நீ அந்த வரியை வெட்டினா, நான் இந்தக் கதையைக் கிழிச்சுடறேன். சத்தியம்.’

‘படிச்சேன்’ என்று பதில் வந்தது. அது பதினொரு மணிக்கு. அதன் பிறகு ஒன்றுமில்லை. இப்போது அவள் ஏதோ எழுதுவதாகப் போன் காட்டுகிறது. மூன்று புள்ளிகள். நிற்கின்றன. மறுபடி ஓடுகின்றன. நாலு ஐம்பத்திரண்டு.

இதை நீங்கள் படிக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டில் ஒன்று. அந்த நாலு வார்த்தையை அவள் எழுதிவிட்டாள். அல்லது நான் சத்தியத்தை மீறிவிட்டேன். எது என்று சொல்லமாட்டேன்.

ஐந்தாம் பகுதியில் விட்ட வாக்கியத்தை இப்போது முடிக்க வேண்டும். முற்றுப்புள்ளி வைத்தால் அவர் விழுங்கிவிடுவார். என்னால் முடியவில்லை. உங்கள் கையில் கொடுக்கிறேன். பத்திரம்.

திங்கள் காலை, ஒன்பது மணிக்கு, அவர் டம்ளரைக் கையில் எடுத்து