செஃபினாவின் பதினொரு பக்கங்கள்

செஃபினாவின் விண்ணப்பத்தை மேலாளர் க்ரஹாம் ஒற்றை விரலால் அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"இத வாபஸ் வாங்கிக்கோ. மனிதவள அதிகாரின்னா பட்டம் வேணும், விளம்பரத்துலயே போட்டிருக்கு. உங்கிட்ட இருக்கறது டிப்ளமா. அதுவும் போன வாரம்தான் வந்துச்சு."

"வந்துச்சுல்ல?"

தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் தேர்வுக்கு வந்திருந்த டெனீஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

பசிபிக் தீவான சமோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு வந்த ஒன்பது வருஷமும் செஃபினா இந்த இறைச்சி ஆலையில்தான். இப்போது பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். அதிகாரி நாற்காலியில் மூன்று பட்டதாரிகள் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். கடைசி ஆள், பெற்றவர், கூடப்பிறந்தவர் செத்தால் மட்டும்தான் லீவு என்று தாள் ஒட்டினான். சமோவாக்காரர்களுக்கு அம்மாவின் சித்தி மகனும் அண்ணன்தான். மறுநாள் அப்படியொரு சொந்தத்தின் சாவுக்காக முப்பத்தோரு பேர் வேலைக்கு வரவில்லை. வீடு வீடாகப் போய், யார் சர்ச்சுக்கு, யார் ஷிஃப்டுக்கு என்று பிரித்து, ஆலையை ஓட வைத்தவள் செஃபினா.

"உனக்கு இதுல அனுபவம் ஏது?" என்றார் க்ரஹாம். "புது ஆளு வரட்டும். நீ கூட இருந்து கத்துக்குடு."

"நான் கத்துக்குடுக்கணும், அவரு அதிகாரி. நல்லா இருக்கே கதை!"

செஃபினா பையிலிருந்து, டிப்ளமாவுக்குக் கொடுத்த பதினொரு பக்கங்களை எடுத்து டெனீஸ் முன்னால் வைத்தாள். செய்த வேலையையே படிப்பாக எடுத்துக்கொண்டு தொழிற்கல்லூரி டிப்ளமா கொடுக்கும். செய்தது உண்மை என்று மேலாளர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும்.

டெனீஸ் வாசித்தாள். "'ஆள் எடுக்கறது, லீவு, தகராறு, எல்லாம் ஆறு வருஷமா இவங்கதான் பாக்கறாங்க.' க்ரஹாம், இது உங்க கையெழுத்தா?"

"அது... கட்டுத் தாளா கொண்டாந்து நீட்டினா. நான் எங்க படிச்சேன்?"

"அப்ப காலேஜுக்குப் பொய் எழுதிக் குடுத்தீங்களா?" என்றாள் செஃபினா.

க்ரஹாம் நெற்றியைத் தேய்த்தார். "பொய்யில்ல. செஞ்சதெல்லாம் நீதான். ஆனா பட்டம்..."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. அனுபவம் இல்லைன்னு காரணத்த எழுதிக் குடுங்க, இந்தப் பதினொன்னாம் பக்கத்துக்குக் கீழயே. வாபஸ் மட்டும் நான் வாங்க மாட்டேன்."

பேனாவையும் அவளே நீட்டினாள். க்ரஹாம் வாங்கவில்லை.

டெனீஸ் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உக்காருங்க செஃபினா. முதல் கேள்வி கேக்கட்டுமா?"

"கேளுங்க. அவரும் கேட்டுக்கட்டும்."