லூயி பெர்னோவா சொன்னது

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நாகஜோதி நர்ஸ். காலையில் வெள்ளைப் பலகையில் ஒரு பொன்மொழி எழுதுவதும் அவள் பொறுப்பு. முதல் ஆறு மாதம் செல்போனில் தேடி ஒழுங்காகத்தான் எழுதினாள். பிறகு சலித்துவிட்டது. தோன்றியதை எழுதி, கீழே வாயில் வந்த வெளிநாட்டுப் பெயரைப் போட்டுவிடுவாள். நான்கு மணி நேரம் ஊசியும் குழாயுமாகப் படுத்திருப்பவர்கள் யார் எவர் என்று விசாரிக்கவா போகிறார்கள்?

சௌகத் அலி விசாரிக்கவில்லை, எழுதி வைத்துக்கொண்டார். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கியவர். சிறுநீரகம் கெட்ட பிறகு அடுப்புப் பக்கம் போவதில்லை. இடது கையில் ஊசி ஏறியிருக்க, பலகையைப் பார்த்து வலது கையால் டைரியில் எழுதுவார்.

மகள் ரஃபியாவின் கல்யாணம் முடிந்து வந்த அன்று அவர் பலகைப் பக்கமே திரும்பவில்லை.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா பாய்?"

"நடந்துச்சும்மா." கூரையைப் பார்த்தபடி சொன்னார். "மாப்பிள்ளை வீட்டு விருந்துல என்னையப் பேசச் சொல்லிட்டாங்க. நான் படிச்சது அஞ்சாப்பு. நீ எழுதுனதத்தான் சொன்னேன். 'வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு வழக்கத்தைச் சொல்லுமுன் அவள் பசியைக் கேளுங்கள்.' பிரெஞ்சு அறிஞர் லூயி பெர்னோவா சொன்னாருன்னேன். மாப்பிள்ளையோட மாமா காலேஜ் புரொபசர். போன்ல தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னாரு. 'பாய் பிரியாணியோட ஆளையும் சேத்து ஆக்கிட்டாரு'ன்னாரு. பந்தியே சிரிச்சுச்சு. ரஃபியா தலையைக் குனிஞ்சுக்கிருச்சு."

நாகஜோதி குழாயைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"எந்தப் புத்தகம்னு மட்டும் சொல்லும்மா. அவருக்குக் காட்டணும்."

"பாத்துச் சொல்றேன் பாய்" என்றாள். அடுத்த கட்டிலில் இரத்த அழுத்தம் பார்த்தாள்; எண் மனதில் நிற்கவில்லை, மறுபடி பார்த்தாள். திரும்பியபோது அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, அவளுக்கு வசதியாக டைரியை விரித்து வைத்திருந்தார்.

கட்டிலோரம் வந்து நின்றாள்.

"அப்படி ஒருத்தர் இல்ல பாய். நான்தான் எழுதுனேன். பேரும் நானாப் போட்டதுதான்."

அவர் டைரியை மெல்லப் புரட்டினார். "இதுல எம்புட்டு இது மாதிரி?"

"பாதிக்கு மேல."

திட்டியிருந்தால் தேவலை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உலகத்துப் பெரிய மனுசங்களோட பழகுறதா நெனச்சுக்கிட்டு இருந்தேன்ம்மா."

நாகஜோதி தன் போனை எடுத்தாள். புரொபசர் நம்பரைக் கேட்டு வாங்கினாள். கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்க, ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள். "பாய் மேல தப்பில்ல சார். பொய் எழுதுனது நான். சிரிக்கிறதா இருந்தா என்னையச் சிரிங்க."

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. "இப்பச் சொல்றீங்க. பந்தியில இருந்த முந்நூறு பேருக்கு யாரு சொல்றதும்மா?" என்றார்.

பேசி முடித்து அவள் போனைப் பையில் போடப்போனாள்.

"ரஃபியாவுக்கும் ஒண்ணு போட்டுரு" என்றார் சௌகத் அலி, கண்ணைத் திறக்காமல்.

புரொபசரிடம் சொன்னது இத்தனை கஷ்டமாக இல்லை. ரஃபியாவின் குரல் கேட்டதும் நாகஜோதி திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். ரஃபியா ஒரு வார்த்தை ஏசவில்லை.

"போனை எங்க அத்தாகிட்டக் குடுங்க" என்றாள்.

பாயிடம் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நாகஜோதி வெளியே நடந்தாள்.