நாற்பது அட்டை, ஒரு நிமிடம்

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் கோபப்பட்டது என்மீதுதான். மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் மிச்சம் மீதி.

ஒன்றாம் வகுப்புக்கு நான் ஆசிரியை. எழுத்துக் கூட்டாமல், பார்த்த மாத்திரத்தில் படிக்க வேண்டிய சொற்கள் நாற்பது. ‘அங்கே’யில் தொடங்கி ‘வேண்டும்’ வரை நானே அட்டைகளில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அகர வரிசையும் பழகட்டுமே என்று, தினமும் மாலையில் பிள்ளைகளையே அட்டைகளை வரிசையாக அடுக்கி டப்பாவில் வைக்கச் சொன்னேன். மறுநாள் அதே வரிசையில் காட்டித்தான் படிக்கவைத்தேன். சீக்கிரம் அடுக்க வசதியாக இருக்கும் என்று பின்பக்கம் எண்ணும் போட்டுத் தொலைத்தேன். என் மூளையை என்னவென்று சொல்வது.

என் வகுப்பில் ஒரு வாயாடி உண்டு. நரிக் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வரிக்கு அடியில் விரலை ஓட்டி, நரி ஏமாறும் இடத்தில் கச்சிதமாகப் பக்கத்தைத் திருப்பி, நீதியையும் சொல்லி முடிப்பாள். அவள் அம்மா தையல் கடையில் வேலை செய்கிறாள். தனக்கு வராத படிப்பு மகளுக்கு வந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள். நானும் பூரித்தேன்.

செவ்வாய்க்கிழமை டப்பாவில் ஓர் அட்டை குறைந்தது. பதினான்காவது. அது தெரியாமல் வாயாடியைப் படிக்கச் சொன்னேன். பதின்மூன்று வரை சரி. அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒவ்வொன்றும் ஓர் அட்டை பின்தங்கியே வந்தது. அட்டை முடிந்த பிறகும் அவளிடம் ஒரு சொல் மிச்சம் இருந்தது. வெறும் மேசையைப் பார்த்து ‘வேண்டும்’ என்று கம்பீரமாகச் சொன்னாள்.

மற்றவர்களுக்கும் அட்டைகளைக் கலைத்துப் போட்டுப் பார்த்தேன். இருபத்துமூன்று பேரில் ஒன்பது பேருக்கு ஒன்றுமே படிக்கத் தெரியவில்லை. எல்லாம் மனப்பாடம். அடுக்கியதெல்லாம் பின்பக்க எண்ணைப் பார்த்து.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். வெள்ளிக்கிழமை தேர்வு அதிகாரி வருகிறார்; நாற்பது சொல்லையும் ஒரு நிமிடத்துக்குள் படித்தால் தேர்ச்சி. அட்டைகளைப் பழையபடி அடுக்கிவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார் தலைமையாசிரியை. தேறாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் தினமும் ஒரு மணி நேரம் தனி வகுப்பு உண்டு, தேறிவிட்டால் வாயாடி இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு திருதிருவென்று முழிப்பாள், அங்கே எழுத்திலிருந்து யார் சொல்லித்தரப் போகிறார்கள் என்று கேட்டேன்.

“அது அங்க இருக்கிற டீச்சர் பாடு. பிள்ளைங்க கடகடன்னு சொல்றாங்கல்ல, உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாற்பதையும் நன்றாகக் கலைத்தேன். பிள்ளைகள் தேறாவிட்டால் என் பெயர் கெடும், கெடட்டும்.

அதிகாரி கடிகாரத்தையும், அதே சொற்களை அகர வரிசையில் அச்சடித்த பட்டியலையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதல் ஆள் வாயாடி. முதல் அட்டை ‘மேலே’. வாயாடி கணீரென்று ‘அங்கே’ என்றாள். அடுத்தது ‘ஏன்’. ‘அது’ என்றாள். அதிகாரியின் பேனா பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே போனது. அந்த மனிதர் தலையைத் தூக்கவே இல்லை. நாற்பதுக்கு நாற்பது, ஐம்பத்திரண்டு விநாடி. தலைமையாசிரியை கைதட்டினார். வாயாடி என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு அவளை விட்டுவிட்டால் அவளுக்கு நான் செய்கிற துரோகத்துக்கு அளவே இல்லை. கையிலிருந்த அட்டையை அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“சார், பட்டியலை விடுங்க. அட்டையைப் பாருங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு அவளைக் கேளுங்க.”

அவர் பார்த்தார். அட்டையில் ‘இல்லை’ என்று இருந்தது. கேட்டார். வாயாடி முதலில் அட்டையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “அங்கே,” என்றாள், மெதுவாக. இன்னும் நான்கு அட்டைகள் காட்டினார். ஒன்றும் தேறவில்லை. போட்ட டிக்குகளையெல்லாம் ஒரே கோடாக அடித்துவிட்டு, ‘தனி வகுப்பு’ என்று எழுதினார். தலைமையாசிரியை என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு வெளியே போனார். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

வாயாடி அழவில்லை. என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானே டீச்சர் சொன்னேன்?”

“ஆமாம்மா. அப்படியேதான் சொன்ன,” என்றேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.