நான் தைத்த கருங்கொம்பு

என் வீட்டுக்காரர் ஜீவாவை நாலு பேர் முன்னால் 'அவரு' என்பேன், வீட்டுக்குள் 'நீ' என்பேன். இதை நாலு பேர் படிக்கப் போவதால் இங்கே அவர் என்றே இருக்கட்டும்.

ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் அவருக்கு டிரம் வேலை. பச்சைத் தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுற்றவிடும் பெரிய மர டிரம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை நகக்கண்ணை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாசூக்காக எழுந்து வேறு சீட் பார்ப்பார்கள். அவர் ஒன்றும் நடக்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். "கால்ல ஷூ மட்டும் வேணும், ஷெட்டுக்காரன் வேணாமா?" என்று ஒரு அம்மாளிடம் கேட்டே விட்டேன்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு 'கருங்கொம்பு ரைடர்ஸ்' என்று ஒரு புல்லட் கிளப் கிடைத்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நவநீதன் அண்ணன்தான் அதற்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏலகிரி, ஆலங்காயம் என்று கிளம்பிவிடுவார்கள். சேர்ந்தவுடனே பேட்ச் தர மாட்டார்கள். ஒரு வருஷம் கடைசி வண்டியாகப் போக வேண்டும், எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும், பஞ்சர் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முதுகில் தைத்துக்கொள்ள அந்தக் காட்டெருமைத் தலை பேட்ச்.

"இன்னாது இது, புது மருமகளுக்கு வேலை வைக்கிற மாதிரி கீது" என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். பேட்ச் வாங்கி வந்த அன்று சிரிக்கவில்லை, அழுதார்.

"எல்லாரும் கட்டிப் புடிச்சாங்க ஹெலன். ஒருத்தன்கூட மூஞ்சியத் திருப்பல."

நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். கழித்துப் போட்ட தோலை வாங்கி அவருக்குக் கையில்லாத ஒரு வெஸ்ட் தைத்து, அதன் முதுகில் பேட்சையும் நானே வைத்துத் தைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டால் மனுஷன் நடையே வேறு.

போன டிசம்பரில் வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு எல்லாரும் ஏலகிரி போனோம். இறங்கும்போது பனி. எனக்குக் காய்ச்சல் வந்து பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. ஜீவா வண்டியை ஓரம் கட்டி, வெஸ்ட்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். அடிவாரத்து டீக்கடையில் ஹேமந்த் என்கிற பையன், அவனும் கிளப்தான், எல்லாரையும் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டான். அதில் நான் திரும்பி நிற்கிறேன். என் முதுகில் காட்டெருமைத் தலை.

அவ்வளவுதான். வேலூர் கிளப், பெங்களூர் கிளப் என்று ஆளாளுக்கு நவநீதன் அண்ணனுக்குப் போன் போட்டார்கள். உங்க பேட்சை யாரு வேணா மாட்டிக்கலாமா என்று கேட்டார்கள். பேட்ச் என்பது அதைச் சம்பாதித்தவன் உடம்பில் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். தம்பிக்கும் தரக் கூடாது, பெண்டாட்டிக்கும் தரக் கூடாது.

நவநீதன் அண்ணன் பேட்சைத் திரும்ப வாங்க வீட்டுக்கு வந்தார். என் கையால் சாப்பிட்டவர், என்னைத் தங்கச்சி என்பவர்.

"காய்ச்சல்ல நடுங்குறவளுக்குப் போத்துனது குத்தமாண்ணா?"

"குத்தம் இல்லமா. ரூலு. நான் இன்னா பண்ண?"

ஜீவா வெஸ்ட்டை என்னிடம் நீட்டி, "நீயே பிரிச்சுக் குடு. வேற யாராவது கை வச்சா தோல் கிழிஞ்சிடும்" என்றார்.

பிரித்தேன். துணியில் தையலைப் பிரித்தால் ஒரு தடவை துவைத்ததும் ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. முதுகு முழுக்க அந்தத் தலையின் வடிவத்தில் ஊசி ஓட்டைகள் நின்றன. பேட்சை அண்ணன் கையில் கொடுப்பதற்கு முன் சமையல்கட்டுக்கு எடுத்துப் போய், அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். ஏன் என்று அப்போது கேட்டால் எனக்கே தெரியாது. சாம்பிள் எது கைக்கு வந்தாலும் அட்டையில் எடுத்துவிடுவது கம்பெனிப் பழக்கம்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கிளம்பிவிடுவார், வெறும் சட்டையோடு. சாயங்காலம் களைத்துப் போய் வருவார். எங்கே போனாய் என்றால், "சும்மா ஒரு ரவுண்டு." கூட்டத்தை விட்ட மாடு மாதிரி தனியாக மலையைச் சுற்றிவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

நான் ஆம்பூர்க்காரி. சாம்பிளைக் காட்டினால் அச்சு அசலாகச் செய்து கொடுப்போம், இந்த ஊர்ப் பிழைப்பே அதுதான். அவருடைய பிறந்தநாளுக்கு அந்தப் பேட்சைச் செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் ஷிஃப்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து, அட்டையில் வரைந்ததைத் துணியில் இழை இழையாகப் போட்டேன். புதிதாக ஒரு ஓட்டைகூட விழாமல், பழைய ஓட்டைகளிலேயே ஊசியை இறக்கித் தைத்தேன். முடிந்ததும் வெஸ்ட்டை மடித்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். கொம்பு அத்தனை அழகாக வந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறந்தநாளுக்கு முந்திய ஞாயிறு, மத்தியானம், வாசலில் நாலைந்து புல்லட் வந்து நின்றது. முதலில் ஜீவா உள்ளே வந்தார். அவர் முகத்தில் அந்தக் களையைப் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது. பின்னாலேயே பிரியாணிப் பார்சலோடு நவநீதன் அண்ணன், ஹேமந்த், மற்றவர்கள். அண்ணனைக் கண்டதும் எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ.

"ஹெலன்மா, உனக்கு ஒரு வேலை வச்சிருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

நான் முடிக்கவிடவில்லை. பீரோவைத் திறந்து வெஸ்ட்டை உருவி அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "உங்க வேலையெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. நீங்க புடுங்கினா எங்களுக்குத் தைக்கத் தெரியாதா?"

அண்ணன் கை பாதியில் நின்றது. பையிலிருந்து எட்டிப் பார்த்த காகிதப் பொட்டலத்தில் ஒரு கறுப்புக் கொம்பு தெரிந்தது. நான் பிரித்துக் கொடுத்த அதே பேட்ச்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை ஞாயிறும் ஜீவா தனியாகச் சுற்றவில்லை. திரும்பவும் முதலிலிருந்து, கடைசி வண்டியாகப் போய், டீ வாங்கிக் கொடுத்து, பஞ்சர் பார்த்திருக்கிறார். கிளப் விஷயம் வீட்டில் பேசக் கூடாது என்பதும் ஒரு ரூல். அதையும் காப்பாற்றியிருக்கிறார். அன்றைக்குக் காலையில்தான் எல்லாரும் கை தூக்கிச் சம்மதித்து, என்னையே தைத்துத் தரச் சொல்ல வந்திருக்கிறார்கள். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்தவள் நான்.

"டூப்ளிகேட்டா?" என்றான் ஹேமந்த். பேட்சை இழந்தவனுக்கு மன்னிப்பு உண்டு, கள்ளப் பேட்ச் வைத்தவனுக்குக் கிடையாது என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"அண்ணா, அவருக்கு ஒன்னும் தெரியாது! இத அவரு பாக்குறதே இப்பதான். நானாத்தான் தச்சேன்."

அண்ணன் மற்றவர்களைப் பார்த்தார். "தங்கச்சி தெரியாம செஞ்சிருச்சு போல..."

"அப்போ அவங்க எல்லா கிளப் முன்னாடியும் வந்து மன்னிப்புக் கேக்கட்டும். வீடியோ எடுத்துப் போடணும். இல்லன்னா நம்ம மானம் போய்டும்" என்றான் ஹேமந்த். இன்னொருவர் தலையாட்டினார்.

"கேக்குறேன். கால்ல வேணா விழறேன்" என்றேன். சத்தியமாக விழுந்திருப்பேன்.

ஜீவா என் கையிலிருந்து வெஸ்ட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அவ யார் கால்லயும் விழ வேணாம். நான்தான் தைக்கச் சொன்னேன்."

"பொய்ண்ணா!"

"ஜீவா, யோசிச்சுப் பேசுடா" என்றார் அண்ணன். "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லு. போதும்."

"நான்தான் சொன்னேன்ணா."

அண்ணன் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் தள்ளினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பிரியாணிப் பார்சல் தரையிலேயே இருந்தது.

"ஏன் அப்படிச் சொன்ன? ஏன் சொன்ன?" என்று அவர் நெஞ்சில் அடித்து அழுதேன். அவர் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, வெஸ்ட்டை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பின் மேல் விரலை ஓட்டினார்.

"நூல் எங்க வாங்குன?"

"பேரணாம்பட்டுல. அஃப்ஸர் ஜஹான் அக்காகிட்ட."

"ஒரிஜினலைவிட நல்லா வந்திருக்குது" என்றார்.

கேலி இல்லை. என்னைத் தேற்றுவதற்குச் சொன்னதும் இல்லை. மனதாரச் சொன்னார். பிறகு, "பசிக்குது, சோத்த எடுத்து வை" என்றார். இரண்டு தட்டில் போட்டு வைத்தேன். அவர் குனிந்தபடி சாப்பிட்டார். என்னால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை.